'எனக்கு ஒண்ணுமில்லை' என்பவரை டாக்டரிடம் அழைத்துப் போவது எப்படி?

"இவருக்குப் பசியே எடுக்க மாட்டேங்குது டாக்டர். ராத்திரி மூணு மணிக்கே முழிச்சுடறார். அப்புறம் தூக்கமே கிடையாது. உடம்புக்குத் தெம்பா ஒரு லேகியம் குடுங்க."

சித்த மருத்துவர்களிடம் இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். பேசுவது மனைவியாக இருக்கும், அல்லது மகளாக, அம்மாவாக இருக்கும். 'இவர்' என்று சொல்லப்படுகிறவர் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டால் விஷயம் புரிந்துவிடும். வந்திருப்பது மனச்சோர்வு. 'டிப்ரஷன்' என்கிறார்களே, அதுதான்!

நேராக மனநல டாக்டரிடம் போகாமல் ஏன் இங்கே வருகிறார்கள்? காரணம் எளிது. அங்கே போவதை யாராவது பார்த்துவிட்டால் 'பைத்தியம்' என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம். நாட்டு மருந்து வாங்கப் போனால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் அல்லவா?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போவதில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. உங்கள் தெருவிலேயே, உங்கள் சொந்தத்திலேயே இப்படி ஒருவர் இருக்கலாம். அவரை எப்படிச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைப்பது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சோகம் வேறு, நோய் வேறு!

துக்கம் வந்தால் அழுகிறோம். நாலு நாள் சாப்பாடு இறங்காது. பிறகு மெல்ல மெல்லத் தேறிவிடுகிறோம். இது இயற்கை. சித்த மருத்துவம் உடம்பின் 14 வேகங்களை அடக்கக் கூடாது என்கிறது. அதில் கண்ணீரும் ஒன்று. ஆகவே அழுகிறவரை 'அழாதே' என்று அதட்ட வேண்டாம்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஐந்தாவது, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது வெறும் சோகம் இல்லை. அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும்.

* நாள் முழுக்க மனசு கனத்துக் கிடப்பது
* முன்பு பிடித்த எதிலும் இப்போது ஆசை இல்லாமல் போவது (பேரனைக் கொஞ்சுவது, கிரிக்கெட் பார்ப்பது, கோலம் போடுவது எதுவானாலும்)
* பசி, உடம்பு எடை குறைவது அல்லது கூடுவது
* தூக்கம் கெடுவது, அல்லது எந்நேரமும் தூங்குவது
* நடை, பேச்சு மந்தமாவது, அல்லது ஓர் இடத்தில் உட்கார முடியாத தவிப்பு
* எப்போதும் அசதி
* 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், காரணமில்லாத குற்ற உணர்ச்சி
* கவனம் சிதறுவது, சின்ன விஷயத்தில்கூட முடிவெடுக்கத் திணறுவது
* சாவைப் பற்றிய நினைப்பு

எல்லோரும் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்கள் பலர் எரிந்து விழுவார்கள், குடியை அதிகமாக்குவார்கள். வயதானவர்கள் மனசைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். 'முதுகு வலி', 'வயிறு மந்தம்', 'தலை பாரம்' என்று உடம்பைத்தான் சொல்வார்கள். பிரசவமான பெண், குழந்தையைப் பார்த்தும் சந்தோஷமே இல்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதுவும் கவனிக்க வேண்டியதே. பிள்ளைகளுக்குப் படிப்பு சட்டென்று சரியும், நண்பர்களை விட்டு ஒதுங்குவார்கள்.

ஏன் வர மறுக்கிறார்கள்?

'கூப்பிட்டா வரமாட்டேங்கறார், பிடிவாதம்!' என்று குடும்பத்தார் கோபப்படுகிறார்கள். அது பிடிவாதமாக இல்லாமல் நோயின் வேலையாகவே இருக்கலாம். 'எதுவும் மாறப் போவதில்லை' என்ற நினைப்பு மனச்சோர்வின் முக்கியமான அடையாளம். அப்படி நினைப்பவருக்கு டாக்டரிடம் போவதும் வீண் வேலையாகத்தான் தெரியும். எழுந்து குளிக்கவே தெம்பில்லாதவருக்கு, டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருப்பது மலையாகத் தெரியும். போதாததற்கு 'என்னால குடும்பத்துக்குச் செலவு' என்ற குற்ற உணர்ச்சி வேறு!

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கோபம் பாதி குறைந்துவிடும்.

சொல்லக் கூடாதவை

"உனக்கு என்ன குறைச்சல்? சொந்த வீடு இருக்கு, நல்ல வேலை இருக்கு..."
"மனசைத் தைரியமா வெச்சுக்கோ. எல்லாம் சரியாயிடும்."
"உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க!"
"சும்மா உட்கார்ந்திருந்தா இப்படித்தான். ஏதாவது வேலை செய்."

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் காதில் இது எல்லாமே, 'தப்பு உன் பேர்லதான்' என்றுதான் விழும். சர்க்கரை வியாதிக்காரரிடம், 'மனசை வெச்சா சுகர் இறங்கிடும்' என்று சொல்வோமா?

எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவருக்கு வயது 46, பாங்கில் வேலை. மூன்று மாதமாக லீவு போட்டுவிட்டு அறைக்குள்ளேயே படுத்திருந்தார். மனைவி திருநள்ளாறுக்கு அழைத்துப் போனார், எலுமிச்சம்பழம் மந்திரித்தார், மாமியார் ஜாதகம் பார்த்தார். மனநல டாக்டர் என்ற வார்த்தையை எடுத்தால் மட்டும், "எனக்கு ஒண்ணுமில்லை. என்னைப் பைத்தியக்காரன் ஆக்கப் பார்க்கறியா?" என்று கத்துவார்.

அந்த அம்மாவிடம் சில விஷயங்களைச் சொன்னேன். அவை எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

முதலில் நேரம். சண்டை முடிந்த சூட்டிலோ, மற்றவர்கள் முன்னாலோ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மனச்சோர்வு உள்ள பலருக்குக் காலை நேரம்தான் மிக மோசமாக இருக்கும். சாயங்காலம் கொஞ்சம் தெளிவாக இருப்பார்கள். அப்போது, பிள்ளைகள் டியூஷன் போயிருக்கும் வேளையில், பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம்.

இரண்டாவது, 'நீங்க இப்படி ஆயிட்டீங்க' என்று குற்றப் பத்திரிகை படிக்காமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். நோயின் பெயரை முதல் நாளே எடுக்கத் தேவையில்லை.

அந்த அம்மா பேசியது இப்படி:

"என்னங்க, ஒரு மாசமா ராத்திரியில நீங்க ஹால்ல நடந்துக்கிட்டே இருக்கறதைப் பார்க்கறேன். சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு. தூக்கம் ஏன் வரலைன்னு மட்டும் ஒரு தடவை காட்டிடலாமா? நானும் கூட வர்றேன்."

கணவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கத்தவில்லை. அந்த அம்மா அன்றைக்கு மேலே வற்புறுத்தாமல் எழுந்து போய்விட்டார். அதுதான் சரி. ஒரே பேச்சில் சம்மதம் கிடைக்காது. மூன்று, நான்கு முறை பேச வேண்டியிருக்கும். நடுவில் அவர் ஏதாவது பேச ஆரம்பித்தால் புத்தி சொல்லக் கிளம்பாமல் கேளுங்கள். பாதி நேரம் அதுவே போதும்.

மறுத்தால் என்ன வழி?

* குடும்ப டாக்டரிடம் முதலில் போகலாம். 'ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கலாம்' என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இது ஏமாற்று வேலையும் அல்ல. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே மாதிரி சோர்வைத் தரும். அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால், 'இது மனசு சம்பந்தப்பட்டது, இன்னாரைப் பாருங்க' என்று அந்த டாக்டரே சொல்வார். வீட்டார் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

* அவர் யார் பேச்சைக் கேட்பார் என்று யோசியுங்கள். மனைவி சொன்னால் கேட்காதவர் மச்சான் சொன்னால் கேட்கலாம். பிள்ளைகளுக்கு ஓர் அத்தையோ, பழைய டீச்சரோ இருக்கலாம். ஆனால் ஒருவர் போதும். ஊரையே கூட்டிப் பஞ்சாயத்து வைத்தால் அவர் இன்னும் ஒடுங்கிவிடுவார்.

* அவர் வராவிட்டால் நீங்கள் மட்டும் போய் மனநல டாக்டரைப் பாருங்கள். நிலைமையைச் சொல்லி, எப்படி நடந்துகொள்வது என்று கேளுங்கள்.

* வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் 'டெலி மானஸ்' இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல் தொடங்கிய இலவசத் தொலைபேசிச் சேவை. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். குடும்பத்தாரும் ஆலோசனை கேட்கலாம். டாக்டர் முன்னால் உட்காரக் கூச்சப்படுகிறவர், போனில் மனம் விடுவதுண்டு.

* 'ஒரே ஒரு தடவை வாங்க. பிடிக்கலைன்னா அடுத்த தடவை வேண்டாம்' என்று கேளுங்கள். டோக்கன் வாங்குவது, ஆட்டோ பிடிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும்.

பாங்க் ஊழியர் விஷயத்தில் ரத்தப் பரிசோதனையும் மச்சானும்தான் கைகொடுத்தார்கள். "வாங்க மாமா, ரிசல்ட்டைக் காட்டிட்டு வந்துடலாம்" என்று அக்கா கணவரை ஸ்கூட்டரில் அழைத்துப் போனார் அந்தத் தம்பி. குடும்ப டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு அடுத்த வாரமே மனநல டாக்டரைப் பார்த்தார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பொய் சொல்லி அழைத்துப் போவதும், சாம்பாரில் மாத்திரையைக் கலந்து கொடுப்பதும் வேண்டாம். என்றைக்காவது தெரியவந்தால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும்.

யாரிடம், எங்கே?

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர். நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுவார். சைகாலஜிஸ்ட் என்பவர் உளவியல் படித்தவர். பேச்சு மூலம் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். லேசான மனச்சோர்வு பேச்சு சிகிச்சையிலேயே குணமாகலாம். நடுத்தரம், கடுமை என்றால் பெரும்பாலும் மருந்தும் தேவைப்படும். எது என்று தீர்மானிக்க முதலில் சைக்யாட்ரிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் சிகிச்சை கிடைக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794ல் தொடங்கிய பழமையான நிறுவனம். அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். மனச்சோர்வு என்றாலே உள்ளே சேர்த்துவிடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. மருத்துவ இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்று மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 சொல்கிறது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எத்தனை மணி நேரம், எடை எவ்வளவு குறைந்தது, சாப்பிடுகிற மற்ற மருந்துகள், சித்த மருந்து உள்பட! குடிப்பழக்கம் இருந்தால் மறைக்கக் கூடாது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். மிக முக்கியமாக, முன்பு எப்போதாவது அவர் தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு நாள் கணக்கில் இருந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது வேறு வகை நோய். அதற்கு மருந்தே வேறு.

மாத்திரை பற்றி...

'ஆரம்பிச்சா ஆயுசு பூரா சாப்பிடணும்', 'அடிமையாயிடுவாங்க' என்று சொல்கிறார்கள். தூக்க மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் ஒன்றல்ல. மனச்சோர்வு மாத்திரை தூக்க மாத்திரை மாதிரி அடிமைப்படுத்தாது. ஆனால் அது இன்றைக்குச் சாப்பிட்டு நாளைக்குப் பலன் தருகிற மருந்தும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். முதல் சில நாள் குமட்டல், வயிற்றுக் கோளாறு, படபடப்பு வரும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

இங்கேதான் குடும்பத்தார் தேவை. பத்தாவது நாளில் 'ஒண்ணும் பிரயோஜனமில்லை' என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. மூன்றாவது மாதம் 'எல்லாம் சரியாயிடுச்சு' என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதையும் டாக்டர் சொல்கிறபடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். 25 வயதுக்குட்பட்டவர் என்றால் முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் தேவை. தவிப்போ, சாவு எண்ணமோ அதிகமானால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சித்த மருத்துவத்தின் பங்கு

மன நோய்களைச் சித்தர்கள் 'கிரிகை' என்ற பெயரில் 18 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மனசுக்கும் நோய் வரும் என்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அதனாலேயே இதைச் சொல்கிறேன்: கடுமையான மனச்சோர்வுக்கு அமுக்கரா சூரணமோ வல்லாரை லேகியமோ மட்டும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. அமுக்கரா தூக்கத்தை அதிகமாக்கலாம், தைராய்டு சுரப்பையும் கூட்டலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருகிறவர்களுக்கு லித்தியம் என்ற மருந்து தருவார்கள். அவர்கள் எக்காரணம் கொண்டும் உப்பில்லாப் பத்தியம் இருக்கக் கூடாது. உப்பு குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடும். சிறுநீர் பெருக்கும் மருந்துகளையும் தாங்களாகச் சேர்க்கக் கூடாது. இரண்டு டாக்டர்களுக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. விடிந்ததும் எழுப்பி, இளவெயிலில் அரை மணி நேரம் கூடவே நடங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் படுக்கை. குடி கூடவே கூடாது. அது மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கும். இவையெல்லாம் சிகிச்சைக்குத் துணை, சிகிச்சைக்கு மாற்று அல்ல.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதிலும் தவறில்லை, மனசுக்கு ஆறுதல்தான். ஆனால் அங்கேயே விட்டுவிட்டு வருவது பெரும் கொடுமை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் பலியானதை நாம் மறக்கக் கூடாது.

உடனே செயல்பட வேண்டிய நேரம்

"நான் இல்லாமப் போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று ஒருவர் சொன்னால், 'சும்மா பயமுறுத்தறார்' என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்புக், நாமினி விவரங்களைத் திடீரென்று ஒழுங்குபடுத்துவது, பிடித்த பொருள்களை எடுத்துக் கொடுப்பது, விடைபெறுகிற மாதிரிப் பேசுவது, நீண்ட நாள் சோர்வுக்குப் பின் காரணமில்லாமல் சட்டென்று அமைதியாவது... இவையும் எச்சரிக்கைதான்.

நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்க ஆள் கிடைத்ததே என்று மனம் திறப்பவர்கள்தான் அதிகம்.

'ஆமாம்' என்று சொன்னால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சி மருந்து, எலி மருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அவசரம் என்றால் 108. அவர் சம்மதிக்காத நிலையிலும், உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தர 2017 சட்டத்தில் வழி இருக்கிறது. டாக்டரைக் கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது அதே சட்டம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

கவனிப்பவரையும் கவனியுங்கள்!

இத்தனையையும் ஒருவரே சுமக்க முடியாது. அந்தப் பாங்க் ஊழியரின் மனைவி மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்திருந்தார். கணவரோடு இருக்க வாரத்தில் இரண்டு சாயங்காலம் தம்பி வந்ததால்தான், அவரால் கொஞ்சம் தூங்க முடிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவரைக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணவர் எட்டாவது வாரத்தில் தானே ஷேவ் செய்துகொண்டு வாசலில் வந்து பேப்பர் படித்தார். ஐந்தாவது மாதம் வேலைக்குத் திரும்பினார். மாத்திரையை டாக்டர் சொல்கிறவரை தொடர்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் சில வாரங்களாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு சுருங்கிப்போயிருந்தால், 'நல்ல நாள் பார்த்துப் பேசலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். இன்று சாயங்காலமே காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "தூக்கம் வருதா?" என்று கேட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.